ராத்திரியில் எழுதின சுவருக்கு இப்போ பகல்ல ரேட்டு! கெத்து போன சுவர் ஓவியம்

பெரியபாளையம்,

ஜனப்பன்சத்திரம் கூட்டு ரோட்டில் பஸ் ஏறி பெரியபாளையம் வருபவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் போதும், ரோட்டோரச் சுவரை எல்லாம் படித்துக்கொண்டேதான் வருவார்கள். சிமெண்டு, முறுக்குக் கம்பி, பனியன்-ஜட்டி, வீட்டு மனை, பள்ளிக்கூட அட்மிஷன், கட்சி சின்னம், தலைவர் பிறந்த நாள்... கல்கத்தா ரோட்டைப் பிடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனாலும் இதே கதைதான். காம்பவுண்டு சுவர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு எழுத்து.

இதில் பெரும்பாலான எழுத்துக்குப் பின்னால் ஒரு ரேட்டு இருக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, அட்வான்ஸ் வாங்கி, பட்டப்பகலில் ஏணி போட்டு எழுதுகிறார்கள். யாரும் விரட்டுவது இல்லை.

ஆனால் இதே சுவரில் எழுத வேண்டும் என்றால் ராத்திரி எல்லோரும் தூங்கும் வரை காத்திருந்து, ஒருத்தர் தெருமுனையில் நின்று போலீஸ் வருகிறதா என்று பார்க்க, இன்னொருத்தர் தார் டப்பாவைப் பிடிக்க, மூன்றாவது ஆள் மடமடவென்று எழுதிவிட்டு ஓடிய காலம் ஒன்று இருந்தது. துட்டு கிடையாது. மாட்டினால் லாக்கப். அதனால்தான் காலையில் அந்த எழுத்தைப் பார்த்தவர்களுக்கு, 'யாருடா இது, துணிச்சலா எழுதிட்டு போயிருக்கான்' என்று ஒரு மரியாதை.

அந்த கெத்து எங்கே போனது? சுவர் எப்போது வியாபாரம் ஆனது? அமெரிக்காவில் இருந்து ஆரணி ஆற்றங்கரை வரை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது.

தார் டப்பாவும் கரித்துண்டும்

தமிழ்நாட்டில் சுவர் எழுத்தை வளர்த்தது ஓவியர்கள் அல்ல, கட்சித் தொண்டர்கள். பேப்பர் நடத்த காசு இல்லை. ரேடியோ அரசாங்கத்தின் கையில். டி.வி. என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஊருக்கு ஊர் சுவர் இருந்தது. அடுப்புக்கரி இருந்தது. ரோடு போட்ட இடத்தில் மிச்சம் மீதி தார் இருந்தது. போதாதா?

1952-ம் ஆண்டு, ரெயில் நிலையப் பெயர்ப்பலகையில் இருக்கும் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தை பெரியார் அறிவித்தார். தார் டப்பாவோடு தொண்டர்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போனார்கள். அடுத்த வருஷம், 1953 ஜூலையில், டால்மியாபுரம் ரெயில் நிலையத்துப் பெயரை மறைத்து 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை கருணாநிதி தலைமையில் போனவர்கள் ஒட்டினார்கள். தண்டவாளத்தில் படுத்தார்கள். ஜெயிலுக்குப் போனார்கள். ஒரு பலகையில் ஒரு தாளை ஒட்டிய சம்பவம் ஒரு கட்சியின் வரலாற்றிலேயே பெரிய அத்தியாயம் ஆகிவிட்டது.

1949-ல் தொடங்கிய தி.மு.க. 1967-ல் ஆட்சிக்கு வந்தது. இந்த 18 வருஷத்தில் பேச்சு மேடை, நாடகம், சினிமாவுக்கு அடுத்தபடி அந்தக் கட்சிக்குக் கை கொடுத்தது சுவர்தான். உதயசூரியன் வரைய ஓவியக் கல்லூரி படிப்பு தேவை இல்லை. ரெண்டு மலை, நடுவில் அரை வட்டம், சுற்றி கோடு. கரித்துண்டு இருந்தால் பள்ளிக்கூடத்துப் பையன்கூட போட்டுவிடுவான். இரட்டை இலையும் அப்படித்தான். கதிர் அரிவாளும் அப்படித்தான். படிக்கத் தெரியாதவர்கள் ஓட்டுப் போட வேண்டும் என்று வைத்த சின்னங்கள், வரையத் தெரியாதவர்களையும் ஓவியர் ஆக்கின.

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை. 1976 ஜனவரி 31-ந்தேதி இங்கே ஆட்சியும் கலைக்கப்பட்டது. கட்சிக்காரர்கள் பலர் மிசாவில் உள்ளே. பேப்பரில் வராததைச் சொல்வதற்கு மிச்சம் இருந்தது துண்டு நோட்டீசும் சுவரும்தான். வடக்கே கல்கத்தாவில் இதற்குச் சில வருஷம் முன்பே நக்சலைட்டுகள், 'சீனாவின் தலைவரே எங்கள் தலைவர்' என்று சுவர் சுவராக எழுதி போலீசுக்குத் தலைவலி கொடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப்பிழையும் இருக்கும். அதை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவன் ஆபத்தோடு எழுதினான் என்பது படித்தவனுக்குத் தெரியும்.

எப்போ துட்டு வந்தது?

கட்சி வளர்ந்தது. ஆட்சிக்கு வந்தது. எதிர்த்துக் கோஷம் எழுதின கை, மாவட்டச் செயலாளரை வரவேற்று எழுத ஆரம்பித்தது. வரவேற்பு எழுத்து கோணலாக இருக்க முடியுமா? 'ஆளைக் கூப்பிடு' என்றார்கள். தொழில்முறை பெயிண்டர் வந்தார்.

அவர் வேலை சுத்தமானது. பழைய எழுத்தைச் சுரண்டி எடுப்பார். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து ரெண்டு கோட்டிங் வெள்ளை அடிப்பார். காய்ந்ததும் சாயத்தில் நனைத்த நூலை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினால், ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடு விழும். மேல் கோடு, கீழ் கோடு. அதற்குள் எழுத்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் நிழல் அடித்தால் சுவரை விட்டு வெளியே வந்து நிற்பது போலத் தெரியும். தலைவர் படம் என்றால் கட்டம் போட்டு, சின்ன போட்டோவில் இருப்பதைப் பெரிய சுவருக்கு ஏற்றுவார். சின்னத்துக்குத் தகரத்திலோ கெட்டி அட்டையிலோ வெட்டி வைத்த அச்சு. வைத்து அடித்தால் ரெண்டு நிமிஷத்தில் ஒரு சின்னம்.

இதெல்லாம் சாதாரண வேலை இல்லை. வெயிலில் ஏணி மேல் நின்று, பஸ்சில் போகிறவன் ஒரு நொடியில் படிக்கிற மாதிரி எழுதுவதற்குத் தனிக் கண் வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பல பேர் அழகான தமிழ் எழுத்தில் குடும்பம் நடத்தினார்கள்.

அடுத்து வந்தது 'ரிசர்வ்'. தேர்தலுக்கு ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இருக்கும்போதே நல்ல இடத்துச் சுவரில் வெள்ளை அடித்து, கட்சிப் பெயரைப் போட்டு, எந்த வருஷம் வரைக்கும் என்றும் மூலையில் எழுதிவிடுவார்கள். பஸ்சில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற கணக்குதான். மற்ற கட்சிக்காரன் அதில் கை வைத்தால் வாய்த்தகராறு, சில இடத்தில் அடிதடி.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? கட்சிக்காரனுக்கு ஓட்டு கிடைக்கிற சுவரில் நமக்கு சிமெண்டு விற்காதா என்று இறங்கினார்கள். கம்பெனி ஏஜென்சியிடம் கொடுக்கும். ஏஜென்சி ஊர் ஊராகக் காண்டிராக்டரைப் பிடிக்கும். காண்டிராக்டர் பெயிண்டருக்கு சதுர அடிக் கணக்கில் கூலி பேசுவார். கை மாற மாற ரேட்டு தேயும். சுவருக்குச் சொந்தக்காரர்? பல இடங்களில் அவருக்குக் கிடைப்பது இலவசமாக அடித்துக் கொடுத்த பெயிண்ட் மட்டும்தான். 'சுவர் பளபளன்னு ஆயிடுச்சு' என்று அவரும் சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

பிளக்ஸ் வந்தது, பிரஷ் போனது

2000-க்குப் பிறகு டிஜிட்டல் பிளக்ஸ் வந்து இந்த பெயிண்டர்கள் வயிற்றிலும் அடித்தது. மூன்று நாள் வேலையை மெஷின் மூன்று மணி நேரத்தில் துப்பியது. முகம் அச்சு அசல். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாமே பிளக்ஸ். சென்னையில் சினிமா பேனர் வரைந்து பேர் வாங்கிய ஓவியர்களே வேலை இல்லாமல் நின்றார்கள். சின்ன ஊர் பெயிண்டர் நிலைமை கேட்கவே வேண்டாம். வீட்டுக்கு டிஸ்டெம்பர் அடிக்கப் போனவர்கள் உண்டு. கம்பெனிக்குக் காண்டிராக்ட் லேபராகப் போனவர்கள் உண்டு.

பிளக்ஸ் பேனர் ஆளையும் கொன்றது. 2019 செப்டம்பர் 12-ந்தேதி சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன இளம்பெண் என்ஜினீயர் மீது சட்டவிரோத பேனர் விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி அவர் பலியானார். ஐகோர்ட்டு கடுமையாகப் பிடித்தது. அதன்பின் 'பேனர் வேண்டாம்' என்று கட்சிகளே அறிக்கை விட்டன. சுவர் எழுத்து யார் தலையிலும் விழாது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

சுவருக்கு வந்த மேக்கப்

இதற்கு நடுவே சுவரில் இன்னொரு ஆட்டம் ஆரம்பம் ஆனது. 2009, 2010-ம் ஆண்டுகளில் சென்னை மாநகராட்சி அண்ணா சாலை உள்பட முக்கிய சாலைகளில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க, சுவர்களில் படம் வரையச் சொன்னது. ஜல்லிக்கட்டு, பரதநாட்டியம், கோவில் கோபுரம், கிராமத்துக் காட்சி என்று தமிழர் பண்பாட்டு ஓவியங்கள். பிளக்சால் வேலை இழந்த பேனர் ஓவியர்கள் பலருக்கு அதில் வேலை கிடைத்தது. அந்த வகையில் நல்ல காரியம்.

அடுத்த கட்டம் இன்னும் பெரிசு. 2020-ம் ஆண்டு தொடக்கத்தில் ஒக்கியம் துரைப்பாக்கம் அருகே உள்ள கண்ணகி நகரில் அடுக்குமாடி வீட்டுச் சுவர் உயரத்துக்கு ராட்சத ஓவியங்கள் வரையப்பட்டன. ஸ்டார்ட் இந்தியா என்ற அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனியோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து செய்தது. இந்திய ஓவியர்களும் வெளிநாட்டு ஓவியர்களும் கிரேன் மேல் நின்று வரைந்தார்கள். டெல்லி லோதி காலனியில் இதே அமைப்பு முன்பே செய்த வேலையின் சென்னைப் பதிப்பு.

கண்ணகி நகர் என்பது என்ன? கூவம் கரையில் இருந்தும் நகரத்தின் நடுவில் இருந்த குடிசைப் பகுதிகளில் இருந்தும் அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளுக்காக 2000-ம் ஆண்டு முதல் உருவான குடியிருப்பு. 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். வேலை இருந்த இடத்தில் இருந்து பல கிலோ மீட்டர் தள்ளி கொண்டுபோய் விட்டார்கள். அட்ரஸ் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்பது அங்கே இருப்பவர்களின் பழைய புகார்.

ஓவியம் வந்ததும் கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். ஊர் பேர் நல்லவிதமாகப் பேப்பரில் வந்தது. பிள்ளைகளுக்குக் குஷி. இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சுவரில் என்ன வரைய வேண்டும் என்று முதலில் முடிவு செய்தது அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. பெயிண்டு விற்கிற கம்பெனி ஸ்பான்சர் செய்யும் சுவரில் சிரிக்கும் முகம் வரும், பூ வரும், பறவை வரும். 'எங்களை ஏன் இங்கே கொண்டு வந்து விட்டீர்கள்' என்ற கேள்வி வருவது கஷ்டம்.

அதற்காக ஸ்பான்சர் ஓவியம் எல்லாமே மேக்கப் என்று தள்ளிவிடவும் முடியாது. 2021-ல் இந்திரா நகர் பறக்கும் ரெயில் நிலையத்தின் வெளிச்சுவரில், ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னை ஓவியர் வரிசையாகப் பெரிய பெரிய முகங்களை வரைந்தார். எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக வரைந்தது. எச்.ஐ.வி. இருப்பவர்களும் இல்லாதவர்களும் அந்த முகங்களில் கலந்து இருக்கிறார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. அதுதான் விஷயமே. ரோட்டில் போகிற ஆட்டோக்காரருக்கும் புரிகிற மாதிரி ஒரு பெரிய விஷயத்தைச் சொன்ன சுவர் அது.

கிழிந்த படத்துக்கு 190 கோடி!

சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளும் விளையாட்டு நியூயார்க்கில் வேறு மாதிரி தொடங்கியது. 1970-களில் ஏழை வீட்டுப் பையன்கள் ஸ்பிரே டப்பாவோடு ராத்திரி ரெயில் ஷெட்டுக்குள் புகுந்து பெட்டி பெட்டியாகத் தங்கள் பட்டப்பெயரை அடித்துவிட்டு ஓடினார்கள். 'டாக்கி 183' என்று ஒரு பையன் ஊர் முழுக்க எழுதியது 1971-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் செய்தியாகவே வந்தது. 183 என்பது அவன் இருந்த தெரு நம்பர். ரெயில்வே நிர்வாகம் வருஷக்கணக்கில் போராடி 1989-ல்தான் எல்லாப் பெட்டியையும் சுத்தம் செய்து முடித்தது.

அதே ஊரில் 'சாமோ' என்ற பேரில் நண்பரோடு சேர்ந்து சுவரில் எழுதிக்கொண்டு இருந்தவர் பாஸ்கியா. கையில் காசு இல்லாத கருப்பின இளைஞர். பிறகு கேன்வாசில் வரைந்தார், பெரிய பணக்காரர்கள் வாங்கினார்கள். 1988-ல் 27 வயதில் போதைப்பொருளால் இறந்தார். அவர் 1982-ல் வரைந்த ஒரு படம் 2017-ல் 11 கோடி டாலருக்கு ஏலம் போனது. நம்ம கணக்கில் அன்றைய மதிப்புக்கு சுமார் 700 கோடி ரூபாய்!

இங்கிலாந்தின் பேங்ஸி கதை இன்னும் வேடிக்கை. முகத்தைக் காட்டாமலே ராத்திரியில் சுவரில் வரைந்து பேர் வாங்கியவர். பணக்காரர்களையும் போலீசையும் யுத்தத்தையும் கிண்டல் செய்பவர். 2018-ல் லண்டனில் அவருடைய படம் ஒன்று சுமார் 10 கோடி ரூபாய்க்கு ஏலம் போன அடுத்த நிமிஷம், பிரேமுக்குள் அவரே ஒளித்து வைத்திருந்த மெஷின் படத்தைப் பாதி வரை கிழித்துவிட்டது. 'உங்கள் வியாபாரத்துக்கு இதுதான் என் பதில்' என்கிற மாதிரி. ஆனால் நடந்தது என்ன? 2021-ல் அதே கிழிந்த படம் 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. சுமார் 190 கோடி ரூபாய். வியாபாரத்தைத் திட்டினாலும் அந்தத் திட்டையும் பிரேம் போட்டு விற்றுவிடுகிறார்கள். நம்ம ஊரில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடின கானாவை சினிமா எடுத்துக்கொண்ட மாதிரி!

இதற்கு ஒருத்தர்தான் வேறு வழி கண்டுபிடித்தார். இத்தாலி நாட்டின் பொலோனா நகரில் 'புளூ' என்ற பேரில் 20 வருஷமாகச் சுவர்களில் வரைந்த ஓவியர் அவர். 2016-ல் அவர் ஓவியங்களைச் சுவரோடு பெயர்த்து எடுத்து கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, அந்த ஊரில் தான் வரைந்த அத்தனை ஓவியத்தின் மீதும் சாம்பல் நிற பெயிண்டை அடித்து அழித்துவிட்டார். 'டிக்கெட் போட்டுக் காட்டுவதற்கு இல்லாமலே போகட்டும்' என்ற முடிவு. இப்படி ஒரு ரோஷக்காரர்!

வரைந்தவனுக்கு உரிமை உண்டா?

சுவர் ஒருவருடையது. ஓவியம் இன்னொருவருடையது. சுவர்க்காரர் நாளைக்கு வெள்ளை அடித்துவிட்டால்?

நியூயார்க்கில் '5 பாயிண்ட்ஸ்' என்ற பழைய பாக்டரி கட்டிடம் முழுக்க ஓவியர்கள் வரைந்து வைத்திருந்தார்கள். 2013-ல் கட்டிட முதலாளி ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளை அடித்துவிட்டார். பாருங்கள், இப்போது ராத்திரியில் பெயிண்டு வாளியோடு வருவது முதலாளி! 21 ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2018-ல் 67 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க உத்தரவு ஆனது.

இந்தியாவிலும் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விக்யான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்து எடுத்து கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் விடாமல் வழக்கு நடத்தினார். 2005-ல் டெல்லி ஐகோர்ட்டு, சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தர வேண்டும் என்றது. காசு கொடுத்து வாங்கினாலும் செய்தவனின் பேரும் மரியாதையும் போய்விடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். சதுர அடிக் கணக்கில் எழுதும் பெயிண்டர் கோர்ட்டுக்குப் போவாரா என்பது வேறு விஷயம். அவர் பேரைச் சுவர் மூலையில் சின்னதாகப் போட்டுக்கொள்ள விட்டாலே பெரிசு.

இன்னும் இருக்கு ஒரு எழுத்து

காசு வாங்காமல் எழுதும் சுவர் இன்று முழுசாகச் செத்துவிடவில்லை. கம்யூனிஸ்டு கட்சித் தொண்டர்கள், வாலிபர் சங்கத்துக்காரர்கள் பல ஊர்களில் இன்னும் தாங்களே பிரஷ் பிடிக்கிறார்கள். ஷிப்டு முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, ராத்திரி எழுத உட்காருகிற தொழிலாளி இருக்கிறார். தொழிற்பேட்டைப் பகுதிகளில் 'காண்டிராக்ட் தொழிலாளரை நிரந்தரம் செய்', 'குறைந்தபட்ச கூலி கொடு' என்று சிவப்பில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நிழல் அடிக்காத எழுத்து. நூல் பிடிக்காத வரி. பக்கத்துச் சுவரில் பனியன் விளம்பரம் ஜம்மென்று இருக்கும்.

அழிவதும் அதுதான் முதலில் அழியும். காம்பவுண்டு சுவருக்குப் புது பெயிண்டு அடிக்கும்போது கம்பெனி விளம்பரத்துக்கு அடுத்த வருஷக் காண்டிராக்ட் இருக்கும். கோஷத்துக்குக் காண்டிராக்ட் கிடையாது. திரும்ப ராத்திரி வந்துதான் எழுத வேண்டும்.

உங்க சுவரில் எழுத வந்தால்...

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அரசு கட்டிடம், பாலம், அரசுப் பள்ளிச் சுவர் போன்றவற்றில் எழுதக் கூடாது. தேர்தல் நேரத்தில் பிடி இன்னும் இறுகும். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் சுவர் விளம்பரத்துக்கே தடை போடுவார்கள். கிராமப்புறத்தில் தனியார் சுவர் என்றால் சொந்தக்காரர் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு வேட்பாளர் கணக்கில் சேரும். அனுமதி இல்லாமல் எழுதினால் அழிக்கச் சொல்வார்கள். அழிக்காவிட்டால் அதிகாரிகளே அழித்துவிட்டு செலவை எழுதியவர்களிடம் வசூலிக்கலாம்.

ஆகவே உங்கள் வீட்டுச் சுவரில் யாராவது வெள்ளை அடித்து 'ரிசர்வ்' செய்ய வந்தால், எதை எழுதப்போகிறார்கள், எவ்வளவு நாளைக்கு, முடிந்ததும் யார் அழித்துத் தருவது என்று ஒரு தாளில் எழுதி கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி விளம்பரம் என்றால் வாடகையும் கேட்கலாம். இலவச பெயிண்டோடு விட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.